தாத்தாவின் பெட்டியில் இருக்கும் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

தீபாவளிக்கு முன்னால் வீடு சுத்தம் செய்யும் வாரங்களில் 'பேப்பர் லாமா' லோரிக்கு நல்ல வேலை. பழைய நாளிதழ், அட்டைப்பெட்டி, உடைந்த மின்விசிறி ஆகியவற்றோடு பல வீடுகளிலிருந்து தமிழ்ப் புத்தகங்களும் அதில் ஏறிப் போகின்றன. தாத்தாவோ பாட்டியோ தவறிய பிறகு, தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்குக் குடிபெயரும்போது, முதலில் கைவிடப்படுவது அந்த டிரங்குப் பெட்டிதான். "எழுத்தே வேற மாதிரி இருக்கு, இனிமே யாரு படிக்கப் போறா?" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம்.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த எவரும் அந்தப் புத்தகங்களைப் படிக்கலாம். தடையாக இருப்பவை நான்கைந்து விஷயங்கள் மட்டுமே. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் எல்லாவற்றையும் பழகிக்கொள்ளலாம். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

இவை எப்படி இங்கு வந்தன?

தமிழில் அச்சு மிகப் பழையது. இந்திய மொழிகளில் முதன்முதலில் அச்சேறியது தமிழ்தான். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டது. ஆனாலும் பொதுமக்கள் கையில் புத்தகம் புழங்கத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக மலாயாவுக்கு வந்த காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே மனிதர்களோடு புத்தகங்களும் கப்பலேறின. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் வந்தவர்களின் தகரப் பெட்டிக்குள் வேட்டி, சேலை, சாமி படம் ஆகியவற்றோடு ஒன்றிரண்டு நூல்களும் இருந்தன.

என்னென்ன நூல்கள்? 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்ட விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை. தேவாரம், திருப்பாவை, சித்தர் பாடல். பஞ்சாங்கம், கைவைத்தியம், சோதிடம். பிறகு கல்கி, மு.வ., அகிலன் நாவல்கள். பகுத்தறிவு இயக்கத்தில் ஈடுபாடு கொண்ட வீடுகளில் 'குடி அரசு' இதழ்களும் சிறு வெளியீடுகளும். 'பெரிய எழுத்து' என்பதற்கு ஒரு காரணம் உண்டு. விளக்கு வெளிச்சத்தில், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிக்க வேண்டும் என்றே எழுத்தைப் பெரிதாக அச்சிட்டார்கள். லயத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். அவர் வாசிக்க, சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் ஒரு புத்தகம் என்றால் பத்துப் பதினைந்து பேருக்கான புத்தகம்.

இங்கேயே அச்சானவையும் உண்டு. சிங்கப்பூரில் 1887இல் 'சிங்கை நேசன்' வார இதழ் தொடங்கியது. கோலாலம்பூரில் 1924இல் 'தமிழ் நேசன்', சிங்கப்பூரில் 1935இல் 'தமிழ் முரசு' வந்தன. மலாயாவின் முதல் தமிழ் நாவல் என்று பலரும் குறிப்பிடும் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917இல் வெளிவந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலான வாசிப்பு வரலாறு நமக்கு இருக்கிறது. அதன் சான்றுகளில் ஒரு பங்கு இன்னும் வீட்டுப் பரண்களில்தான் கிடக்கிறது.

முதல் தடை: பதின்மூன்று எழுத்துகள்

பழைய புத்தகத்தைத் திறந்ததும் இளையவர்களை மிரட்டுவது எழுத்து வடிவம். உண்மையில் மாறியவை 13 எழுத்துகள் மட்டுமே. பெரியார் தம் 'குடி அரசு' இதழில் 1935லேயே சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிப் புத்தகங்கள் அந்த வடிவத்துக்கு மாறின.

அந்த 13 எழுத்துகள் இவை: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை.

இவற்றை இரண்டு குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் எளிது. முதல் குடும்பம் ணை, லை, ளை, னை. இன்று இவற்றுக்கு முன்னால் தனியாக ஒரு 'ஐ' கொம்பு போடுகிறோம். பழைய அச்சில் அந்தக் கொம்பு கிடையாது. அதற்குப் பதில் எழுத்தின் இடப்பக்கத்தில் மேலே எழும்பி வளையும் ஒரு சுழி இருக்கும். யானை தும்பிக்கையைத் தூக்கியதுபோல் தெரியும். ல, ள, ண, ன ஆகிய நான்கில் ஒன்றுக்குத் தும்பிக்கை முளைத்திருந்தால் அது 'ஐ' ஓசை. 'யானை', 'மலை', 'வேலை' என்ற சொற்களை ஒரு பக்கத்தில் தேடிப் பாருங்கள். நாலு தடவை கண்ணில் பட்டால் பழகிவிடும்.

இரண்டாவது குடும்பம் ணா, றா, னா. இன்று பக்கத்தில் தனியாகக் கால் போடுகிறோம். பழைய அச்சில் கால் தனியாக நிற்காது. எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழித்துக்கொள்ளும். ணொ, றோ போன்ற மற்ற ஆறும் இதே சுழிக்கு முன்னால் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ சேர்ந்தவை. அவ்வளவுதான். மற்ற எல்லா எழுத்துகளும் இன்று நாம் படிப்பவையே.

நூல் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் அருகியிருந்தது. எ, ஏ என்ற குறில் நெடில் வேறுபாட்டையும் இன்றுபோல் காட்டவில்லை. அந்த வேறுபாட்டை இன்றைய வடிவில் நிலைப்படுத்தியவர் வீரமாமுனிவர் என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். பழைய அச்சுகளில் ஓலைச்சுவடியின் சாயல் சில இடங்களில் தெரியும். சொல்லின் பொருளை வைத்து ஊகித்துக்கொள்ளலாம்.

எண்ணா, எழுத்தா?

பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் 'க', 'உ' என்று ஏதோ எழுத்து இருக்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. அவை தமிழ் எண்கள். ௧ (1) 'க' போல், ௨ (2) 'உ' போல், ௩ (3) 'ங' போல், ௪ (4) 'ச' போல், ௫ (5) 'ரு' போல், ௬ (6) 'சு' போல், ௭ (7) 'எ' போல், ௮ (8) 'அ' போல், ௯ (9) 'கூ' போல் இருக்கும். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகளும் உண்டு.

இங்கே ஒரு நுட்பம். மிகப் பழைய நூல்களில் 137 என்பதை நூறு, மூன்று பத்து, ஏழு என்று வாயால் சொல்வதுபோலவே ௱௩௰௭ என அச்சிடுவார்கள். பிற்கால நூல்களில் ஆங்கில முறையைப் பின்பற்றி ௧௩௭ என்று இருக்கும். பத்து, நூறு குறிகள் தென்பட்டால் முறை பழையது.

இன்னும் சில குறிகள்: ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. பழைய கடைக் கணக்குப் புத்தகத்திலும் கோயில் வரவு செலவு நோட்டிலும் இவை நிறையவே வரும்.

சேர்ந்து கிடக்கும் சொற்கள்

எழுத்தும் எண்ணும் பிடிபட்ட பிறகு வரும் அடுத்த தடை, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாதது. 'அப்பொழுதவனங்குவந்து' என்று ஒரே சொல்லாக ஓடும். உள்ளே இருப்பது 'அப்பொழுது அவன் அங்கு வந்து' என்ற சாதாரணப் பேச்சுதான். பேசும்போது நாமும் சொற்களை ஒட்டித்தான் பேசுகிறோம். பழைய அச்சு அந்த ஓசையை அப்படியே எழுதியது.

இதற்கு மருந்து ஒன்றே: வாய்விட்டுப் படிப்பது. கண் தடுமாறும் இடத்தில் காது உதவும். மெல்ல உரக்கப் படித்தால் எங்கே பிரிப்பது என்று நாக்குக்கே தெரிந்துவிடும். அந்த நூல்கள் கேட்பதற்காகவே எழுதப்பட்டவை.

சந்தியால் எழுத்து மாறும் இடங்களும் உண்டு. தைப்பூசத்துக்கு நாம் எடுப்பது பால்குடம். பழைய நூலில் அது 'பாற்குடம்'. கல்+சிலை 'கற்சிலை', பொன்+குடம் 'பொற்குடம்', மண்+குடம் 'மட்குடம்'. ல், ன் என்பவை ற் ஆகவும், ள், ண் என்பவை ட் ஆகவும் மாறும் என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அக்கிராசனர் யார்?

பழைய புத்தகத்தில் மிகச் சுவையான பகுதி இதுதான். நம் தாத்தாக்கள் படித்த தமிழில் வடசொற்கள் மிகுதி. மறைமலை அடிகள் 1916ஐ ஒட்டித் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்னர் வந்த திராவிட இயக்கமும் பொதுத்தமிழின் முகத்தையே மாற்றின. மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. அதனால் 1930க்கும் 1960க்கும் இடைப்பட்ட நூல்களில் இரண்டு வகைச் சொற்களும் பக்கம் பக்கமாக இருக்கும்.

ஒரு சங்கத்தின் பழைய ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் 'அக்கிராசனர்' என்றால் தலைவர். 'காரியதரிசி' செயலாளர். 'பொக்கிஷதார்' பொருளாளர். தேர்தலில் நிற்கும் 'அபேட்சகர்' வேட்பாளர். கூட்டத்தில் நிகழ்த்திய 'உபந்நியாசம்' சொற்பொழிவு. கடைசியில் வரும் 'வந்தனோபசாரம்' நன்றியுரை. 'வாசகசாலை' இன்றைய படிப்பகம், 'சர்வகலாசாலை' பல்கலைக்கழகம், 'அச்சியந்திரசாலை' அச்சகம். இந்த ஒன்பது சொற்களைத் தெரிந்துகொண்டால் எந்தச் சங்கத்தின் அறிக்கையையும் படித்துவிடலாம். உங்கள் ஊர்க் கோயிலோ வாசகசாலையோ எப்படி உருவானது என்பது அந்த அறிக்கையில் இருக்கலாம்.

வடசொல் குறைந்தது நல்லதா கெட்டதா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்த ஆண்டில் நம் பாட்டனார் 'நமஸ்காரம்' சொல்வதை நிறுத்தி 'வணக்கம்' சொல்லத் தொடங்கினார் என்பதை வீட்டிலுள்ள கடிதங்களே காட்டிவிடும். ஒரு பெரிய சமுதாய மாற்றம் ஒரு வீட்டு அலமாரியில் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்ப்பது தனி அனுபவம்.

பொருள் மாறிய சொற்களும் உண்டு. 'நாற்றம்' என்பது பழைய பாட்டில் நறுமணம். 'மாடு' என்றால் செல்வம் என்றும் பொருள். இலக்கண நூல்களில் வரும் 'கிழவன்', 'கிழவி' வயதானவர்கள் அல்லர், தலைவன், தலைவி. 'கிழமை' என்றால் உரிமை. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு, அதாவது சூரியனுக்கு, உரிய நாள். வாரம் ஏழு நாளும் சொல்லும் ஒரு சொல்லுக்குள் இப்படி ஒரு பொருள் உறங்குகிறது.

உள்ளூர்க் கதைகளில் வேறொரு வகைச் சொற்கள் இருக்கின்றன: பெரட்டு, கங்காணி, கிராணி, தண்டல், ஆயாக் கொட்டகை, மங்கு, ஒட்டுப்பால். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. பட்டணத்தில் பிறந்த பேரப்பிள்ளைக்கு ஒவ்வொன்றும் புதிய சொல். எந்தத் தமிழ் அகராதியிலும் இவற்றின் முழு வாசம் கிடைக்காது. கதைகளிலும், இன்னும் உயிரோடு இருக்கும் பெரியவர்களின் வாயிலும்தான் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிப்பதற்கு இதுவே கடைசித் தலைமுறை.

இது எந்த ஆண்டுப் புத்தகம்?

பல பழைய நூல்களில் முதல் பக்கம் கிழிந்திருக்கும் அல்லது ஆங்கில ஆண்டே இருக்காது. துப்பறிவதற்குச் சில வழிகள் உண்டு.

முதலாவது, தமிழ் ஆண்டின் பெயர். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். மலாயா சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்டு, ஏவிளம்பி ஆண்டு ஆவணி மாதம். அடுத்த ஏவிளம்பி 2017இல் வந்தது, முந்தையது 1897இல். ஆகவே நூலில் 'ஏவிளம்பி' என்று மட்டும் இருந்தால் 1897ஆ 1957ஆ என்பதை வேறு தடயங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, விலை. இந்தியாவில் 1957 ஏப்ரல் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. அட்டையில் 'விலை 8 அணா' என்றிருந்தால் புத்தகம் அந்தக் காலத்துக்கு முந்தையது என்று கொள்ளலாம். 'ந.பை.' அல்லது 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. இவ்வளவு துல்லியமாகக் காலம் காட்டும் தடயம் வேறொன்று கிடைப்பது அரிது.

மூன்றாவது, முகவரி. இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972இல் வந்தது. 'சென்னை - 1' என்றால் பெரும்பாலும் அதற்கு முன், '600 001' என்றால் பின். நம் நாட்டு நூலில் 'மலாயா' என்பது 1963 செப்டம்பருக்கு முந்தைய வழக்கு. 'போர்ட் சுவெட்டன்ஹாம்' 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. 'தெலுக் ஆன்சன்' 1982இல் தெலுக் இந்தான் ஆனது. நூலின் பின்னட்டையில் விற்பனையாளர் முத்திரை இருந்தால் அதையும் பாருங்கள்.

நான்காவது, எழுத்து வடிவம். தும்பிக்கை 'லை' இருந்தால் பெரும்பாலும் 1978ஐ ஒட்டியோ அதற்கு முன்போ வந்தது. பெரியார் இயக்க நூல்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் 1930களிலேயே புது வடிவம் உண்டு.

பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்ய இது நல்ல விளையாட்டு. பள்ளி விடுமுறையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "இது எந்த வருஷத்துப் புக்குன்னு கண்டுபிடி பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

அச்சில் இல்லாத செய்திகள்

பழைய புத்தகத்தின் மதிப்பில் பாதி, அச்சிட்டவர் போடாதவற்றில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதிய பெயரும் தேதியும். தமிழ்ப்பள்ளியில் கொடுத்த பரிசு முத்திரை. திருமணத்துக்குக் கொடுத்த திருக்குறள். பக்கங்களுக்கு நடுவே மடித்து வைத்த சம்பளச் சீட்டு, பிள்ளை பிறந்த நேரத்தைக் குறித்த துண்டுத் தாள், நாடக நோட்டீசு, வாழ்த்துமடல். ஓரத்தில் பென்சிலால் போட்ட கோடு. எந்த வரியில் நம் பாட்டி நின்று யோசித்தார் என்பதை அந்தக் கோடு சொல்லும். புத்தகத்தை எடுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். கிடைக்கும் தாளை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துவைத்துத் தனி உறையில் போடுங்கள்.

முதலில் காப்பாற்ற வேண்டியவை எவை?

எல்லாப் பழைய நூலும் அரியது அல்ல. கல்கியின் நாவல் இன்றும் கடையில் கிடைக்கும். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை ஆகி எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் பழைய இலக்கியங்கள் இலவசமாகவே இருக்கின்றன.

அரியவை எவை என்றால், இங்கே அச்சானவை. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர்கள் சொந்தக் காசில் சில நூறு படிகள் அச்சிட்டு, நண்பர்களிடமும் சங்கங்களிலும் விற்ற சிறுகதைத் தொகுப்புகள், கவிதை நூல்கள். அவற்றைவிடவும் அரியவை ஆண்டு மலர்கள், பொங்கல் மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், தமிழ்ப்பள்ளி இதழ்கள், தொழிற்சங்க அறிக்கைகள். தோட்டத் துண்டாடலில் எத்தனையோ தோட்டங்கள் கைமாறின. பல இடங்கள் செம்பனைக் காடாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. அந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள், பள்ளியில் யார் படிப்பித்தார், கோயிலை யார் கட்டினார் என்பதற்கு ஒரு கும்பாபிஷேக மலரின் நன்கொடையாளர் பட்டியல் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அது பேப்பர் லாமா லோரியில் போனால் கிலோவுக்குச் சில காசு. அதன் பிறகு எந்த விலை கொடுத்தாலும் திரும்பாது.

இழப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ் வரலாற்றில் சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடிப் போனபோது, பயனற்றவை என்று ஆற்றில் விட்டதையும் நெருப்பில் இட்டதையும் கேட்டு வருந்தியதைத் தம் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். மிஞ்சியவற்றிலிருந்து அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். இன்று நம் பிள்ளைகள் படிக்கும் இலக்கியம், யாரோ ஒரு வீட்டுக்காரர் தூக்கிப் போடாமல் வைத்திருந்த சுவடி.

நம் மக்களிடமும் அந்த அக்கறை இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூலகம் வேண்டும் என்று 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, சாதாரண உழைப்பாளிகளும் தங்கள் வெள்ளியைப் போட்டார்கள். புத்தகம் வாங்க நன்கொடை கொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

நம் நாட்டின் புழுக்கமே புத்தகத்துக்கு முதல் எதிரி. 20ஆம் நூற்றாண்டின் மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள அமிலத்தால் தாள் பழுப்பேறி, மடித்தால் உடையும். அதைத் திருப்ப முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்.

செய்ய வேண்டியவை: சிமெண்டுத் தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். அலமாரியில் காற்றோட்டம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை எடுத்து, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள். இராமபாணப் பூச்சியோ கரையானோ தெரிந்தால் அந்தப் புத்தகத்தை உடனே தனியாகப் பிரியுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

செய்யக் கூடாதவை: கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேட் செய்யாதீர்கள். சுட்டெரிக்கும் வெயிலில் காயவைக்காதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்துவிட்டால் பதற வேண்டாம். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வெள்ளம் புகுந்தபோது எத்தனை வீட்டு அலமாரிகள் மூழ்கின என்பதை மறந்திருக்க மாட்டோம். ஒட்டிய பக்கங்களை இழுக்காமல், நடுநடுவே உறிஞ்சும் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் முடியாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் பையில் போட்டு உறைபகுதியில் வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

படம் எடுங்கள், பிறகு கொடுங்கள்

கைப்பேசி இருந்தால் போதும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், முன் அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், முன்னுரை, பொருளடக்கம், பின் அட்டை ஆகியவற்றை முதலில் எடுங்கள். புத்தகத்தை முழுவதும் விரித்து அழுத்தாதீர்கள், முதுகு உடையும். மலர்களாக இருந்தால் படங்களும் பெயர்ப்பட்டியலும் உள்ள பக்கங்களைத் தவறவிடாதீர்கள்.

இணையத்தில் முழு நூலையும் போடுவதற்கு முன் பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். மலேசியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். இந்தியாவில் 60, சிங்கப்பூரில் 70. உங்கள் குடும்பத்துக்காகப் படியெடுத்து வைப்பது வேறு, உலகுக்கு வெளியிடுவது வேறு.

வீட்டில் வைக்க இடமில்லை என்றால் கொடுக்க இடம் தேடுங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைத் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும். அதற்கு முந்தையவையும், சட்டம் தெரியாமல் அச்சிட்ட மலர்களும் அங்கே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. தேசிய நூலகத்தையோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ முதலில் தொடர்புகொண்டு, பட்டியலையும் படங்களையும் அனுப்பிக் கேளுங்கள். சிங்கப்பூரில் 1965 முதல் 2015 வரையிலான தமிழ் நூல்களைத் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து மின்னாக்கம் செய்து 2015இல் வெளியிட்டனர். பலருடைய வீட்டு அலமாரிகள் திறந்ததால்தான் அத்தகைய தொகுப்பு முழுமை பெறும். சென்னையிலுள்ள ரோஜா முத்தையா நூலகமும் தனியொருவர் கோட்டையூரில் தம் வீட்டில் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்ததுதான்.

கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவது நன்கொடை ஆகாது. யாருடைய புத்தகங்கள், எந்தத் தோட்டம், எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் பழைய புத்தகம். குறிப்போடு போனால் ஒரு குடும்பத்தின் வரலாறு.

இந்த வாரம் செய்யக்கூடியது சிறியதுதான். பரணிலிருந்து ஒரு புத்தகத்தை இறக்குங்கள். தும்பிக்கை 'லை'யைக் கண்டுபிடியுங்கள். விலை அணாவா, நயா பைசாவா என்று பாருங்கள். வீட்டில் பெரியவர் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பக்கத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். தடுமாறும் சொல்லுக்கு அவர் பொருள் சொல்வார். அதோடு, அந்தப் புத்தகம் எப்படி வீட்டுக்கு வந்தது என்ற கதையும் கிடைக்கும்.